நிலக்கரிக்குள் இருக்கும் வாயு: என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகள்

மன்னார்குடிப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். எங்கள் பக்கத்து நிலக்கரி அடுக்கிலிருந்து வாயு எடுக்கும் ‘மீத்தேன் திட்டம்’ என்ற பேச்சு கிளம்பிய நாளிலிருந்து கல்யாணப் பந்தியில், உரக்கடை வாசலில், பஸ் ஸ்டாண்டில் என்று எங்கே உட்கார்ந்தாலும் யாராவது ஒருவர் சந்தேகம் கேட்பார். பெரும்பாலும் அதே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருப்பதைவிட எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தத் திட்டம் இந்த மண்ணில் வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருவன். அதற்காக, எதிர்ப்புக் கூட்டங்களில் மைக்கில் சொன்னதெல்லாம் சரி என்று நம்புகிறவன் இல்லை.

மீத்தேன்னா என்ன சார்? விஷ வாயுவா?

விஷம் இல்லை. ஒரு கார்பன், நான்கு ஹைட்ரஜன், அவ்வளவுதான். நிறமும் மணமும் கிடையாது, காற்றைவிட லேசானது. சாண எரிவாயுக் கலனில் வருவதில் பெரும்பங்கு இதுதான். குழாய் வழியாக வீட்டுக்கு வரும் எரிவாயுவும், பஸ்ஸில் ஆட்டோவில் அடைக்கிற சிஎன்ஜியும் இதே மீத்தேன்தான்.

ஆபத்து வேறு விதத்தில் வரும். மூடிய இடத்தில் நிறைந்துவிட்டால் ஆக்சிஜனை ஒதுக்கி மூச்சை நிறுத்திவிடும். காற்றில் 5 முதல் 15 சதவீதம் வரை கலந்திருக்கும்போது ஒரு பொறி பட்டால் வெடிக்கும். நிலக்கரிச் சுரங்கங்களில் இது ஆட்களைக் கொன்று குவித்த வாயு. 1815இல் ஹம்ப்ரி டேவி சுரங்கத் தொழிலாளர்களுக்கென்று தனியாக ஒரு விளக்கைச் செய்தாரே, அது இந்த மீத்தேனுக்குப் பயந்துதான்.

நிலக்கரி கல்லு மாதிரி இருக்கு. அதுக்குள்ள வாயு எப்படிப் போச்சு?

வெளியிலிருந்து போகவில்லை, அங்கேயே உண்டானது. பழைய காட்டு மரங்களும் சதுப்புச் செடிகளும் மண்ணுக்கடியில் புதைந்து, கோடிக்கணக்கான ஆண்டுகள் வெப்பத்திலும் அழுத்தத்திலும் வெந்து நிலக்கரி ஆகும்போது மீத்தேன் பிரிகிறது. ஆழம் குறைந்த இளம் நிலக்கரியில் நுண்ணுயிர்களும் இதை உண்டாக்கும்.

பார்வைக்கு நிலக்கரி கெட்டியாகத்தான் இருக்கும். உள்ளே கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் ஏராளம். ஒரு கிராம் நிலக்கரியின் உள்பரப்பை எல்லாம் விரித்துப் போட்டால் 100 சதுர மீட்டர் அளவுக்கு வரும் என்று கணக்குச் சொல்கிறார்கள். அந்தச் சுவர்களில் வாயு மூலக்கூறுகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. டயருக்குள் காற்று அடைபட்டிருப்பது போல் இல்லாமல், ஈரத்துணியில் நீர் பிடித்திருப்பது போல. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டால் மற்ற பதில்கள் எளிதாகப் புரியும்.

அப்ப எப்படி வெளியே எடுக்குறாங்க? நிலக்கரியை வெட்டணுமா?

வெட்ட வேண்டாம். நிலக்கரி இருக்கும் இடத்திலேயே இருக்கும். கிணறு போடுவார்கள், நம் ஊர் போர்வெல் மாதிரிதான், ஆனால் சில நூறு மீட்டர் முதல் ஆயிரம் மீட்டருக்கு மேல் வரை. மேலே இருக்கும் நீர் அடுக்குகளில் கலக்காமல் இருக்க இரும்புக் குழாயை இறக்கிச் சுற்றிலும் சிமென்ட் வைத்து அடைப்பார்கள்.

கோடையில் வயல் பாளம் பாளமாக வெடிக்கிறதல்லவா? நிலக்கரி அடுக்கிலும் அப்படி இயற்கையாகவே வெடிப்புகள் உண்டு. பெரும்பாலும் அவற்றில் தண்ணீர் நிறைந்து நிற்கும். அந்தத் தண்ணீரின் அழுத்தம்தான் வாயுவை நிலக்கரியோடு ஒட்டவைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கிறது. கோலி சோடாவை நினைத்துக்கொள்ளுங்கள். கோலி இருக்கிற வரைக்கும் உள்ளே இருப்பது வெறும் தண்ணீர் மாதிரி தெரியும். கோலியைத் தட்டி இறக்கியதும் அழுத்தம் போய்ப் பொங்குகிறது. இங்கே கோலியின் வேலையைச் செய்வது நிலத்தடி நீர். மோட்டார் வைத்து அதை இறைக்க வேண்டும். அழுத்தம் குறையக் குறைய வாயு நிலக்கரியை விட்டு வெடிப்புக்கு வரும், வெடிப்பிலிருந்து கிணற்றுக்கு வரும்.

அதனால்தான் இந்தக் கிணறுகளின் கதை தலைகீழாக இருக்கிறது. சாதாரண எரிவாயுக் கிணறு முதல் நாள் அதிகமாகக் கொடுத்துப் போகப் போகக் குறையும். இதில் முதல் சில மாதங்கள், சில இடங்களில் ஓரிரு வருஷங்கள்கூட, தண்ணீர்தான் வரும். தண்ணீர் குறையும்போது வாயு ஏறும், உச்சத்தைத் தொடும், அப்புறம் மெல்ல இறங்கும். முதலில் தண்ணீர், பிறகுதான் வாயு. இந்தத் தொழிலின் லாபமும் நஷ்டமும் சண்டையும் எல்லாமே அந்த வரிசையில் இருக்கிறது.

அவ்வளவு தண்ணி வருதுன்னா நல்லதுதானே வாத்தியாரே, வயலுக்குப் பாய்ச்சிடலாமே?

இதை என்னிடம் கேட்டவர் எழுபது வயது விவசாயி. விளையாட்டாகத்தான் கேட்டார். கேள்வி என்னவோ நல்ல கேள்விதான். அளவை முதலில் பார்ப்போம். அமெரிக்காவின் வயோமிங், மொன்டானா மாநிலங்களில் பவுடர் ரிவர் படுகை என்று ஒன்று உண்டு. அங்கே தொடக்கத்தில் ஒரு கிணறு நாளொன்றுக்குப் பல பத்தாயிரம் லிட்டர் கொடுத்தது. நம் ஊர் ஐந்து ஹெச்பி மோட்டார் சில மணி நேரத்தில் இறைத்துவிடும் அளவுதான் அது. ஒரு கிணற்றை வைத்துப் பார்த்தால் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் அங்கே போட்டவை ஆயிரக்கணக்கான கிணறுகள். ராத்திரி பகல் நிற்காமல் வருஷக்கணக்கில் ஓடியவை.

அடுத்தது தரம். நிலக்கரி அடுக்கிலிருந்து வரும் தண்ணீரில் சோடியம், பைகார்பனேட் அதிகமாக இருப்பது வழக்கம். சில இடங்களில் குடிக்கக்கூட லாயக்காக இருக்கும், சில இடங்களில் கடல்நீரைவிட உப்பாக இருக்கும். சோடியம் மிகுந்த தண்ணீரைக் களிமண்ணில் பாய்ச்சினால் களிமண் துகள்கள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்து, மண்ணின் துளைகளை அடைத்துக்கொள்ளும். மேலே தண்ணீர் தேங்கும், கீழே இறங்காது, காய்ந்தால் ஓடு மாதிரி இறுகும். இதற்கு நம்மிடம் பெயர் இருக்கிறது: களர். களர் நிலத்தைத் திருத்த எத்தனை மூட்டை ஜிப்சம், எத்தனை வருஷம் என்று உங்களுக்கே தெரியும். ஆற்றில் கலந்துவிடும் இந்த நீரைப் பற்றித்தான் டங் ஆற்றுப் பாசன விவசாயிகள் மொன்டானாவில் கவலைப்பட்டார்கள்.

சுத்திகரிக்க முடியாதா என்றால், முடியும். ஆஸ்திரேலியாவில் எதிர்ச் சவ்வூடுபரவல் (ஆர்ஓ) ஆலைகள் வைத்துச் சுத்தம் செய்து பருத்திக்கும் மாட்டுக்கும் கொடுக்கிறார்கள். மிச்சமாகும் உப்பை எங்கே கொட்டுவது என்பதுதான் அங்கே இன்னும் தீராத தலைவலி. அது லட்சக்கணக்கான டன்.

எங்க ஊர்லதான் ஏற்கெனவே ஓஎன்ஜிசி கிணறு இருக்கே, அதுவும் இதுவும் ஒண்ணுதானே?

வருகிற வாயு ஒன்றுதான், இருக்கும் இடம் வேறு. நரிமணம், குத்தாலம் பக்கமெல்லாம் 1980களிலிருந்து நடப்பது வழக்கமான எண்ணெய், எரிவாயு வேலை. அங்கே எண்ணெயும் வாயுவும் மணற்கல் போன்ற பாறையின் துளைகளில் சொந்த அழுத்தத்தோடு தேங்கி நிற்கின்றன. துளை போட்டால் மேலே வரும். நீரை இறைத்து அழுத்தத்தைக் குறைக்க வேண்டியதில்லை. கிணறுகளும் குறைவாகப் போதும்.

நிலக்கரி மீத்தேனுக்கு ஒவ்வொரு கிணறும் தன்னைச் சுற்றிச் சிறு வட்டத்தைத்தான் வடிக்கும் என்பதால் நெருக்கமாக நிறையப் போட வேண்டும். கிணற்றுக்குக் கிணறு பாதை, குழாய், மின்சாரம், தண்ணீர்க் குட்டை. வயல்வெளியைக் கட்டம் கட்டமாகப் பிரித்த மாதிரி ஆகிவிடும். ‘ஒரு கிணற்றுக்கு அரை ஏக்கர்தானே’ என்று சொல்பவர்கள் இந்தக் கட்டத்தைக் கணக்கில் எடுப்பதில்லை.

இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு என்று சொன்னதும் சிலர் என்னை ஓஎன்ஜிசி ஆள் என்று நினைத்துக்கொண்டதும் உண்டு. எண்ணெய்க் குழாய் கசிவு பற்றிய ஊர்க்காரர்களின் கோபம் தனிக் கதை. அதை இதோடு சேர்த்துக் குழப்பினால் இரண்டிலுமே நியாயம் கிடைக்காது.

ஃபிராக்கிங் பண்ணி பூமியையே உடைச்சுடுவாங்களாமே?

நீரியல் விரிசல் முறை, அதாவது தண்ணீரையும் மணலையும் வேதிப்பொருட்களையும் அதிக அழுத்தத்தில் செலுத்திப் பாறையைப் பிளப்பது, இதில் கட்டாயம் இல்லை. நிலக்கரியின் இயல்பான வெடிப்புகள் தாராளமாகத் திறந்திருந்தால் தேவையே இல்லை. ஆஸ்திரேலியாவில் குவீன்ஸ்லாந்து மாநிலத்தின் சூரத் படுகையில் பெரும்பாலான கிணறுகள் அப்படித்தான். மேற்கு வங்கத்தின் ராணிகஞ்ச், ஜார்க்கண்டின் ஜாரியா போன்ற இடங்களின் இறுகிய நிலக்கரியில் செய்கிறார்கள். ஷேல் என்ற இறுகிய களிப்பாறைக்குள் இருக்கும் வாயுவுக்குத்தான் இது இல்லாமல் கதி இல்லை.

பூமி உடைந்துவிடும் என்பது மிகை. விரிசல் அடுக்கை மீறி மேலே நீர் அடுக்கைத் தொட்டுவிடுமா, செலுத்தும் வேதிப்பொருள் என்ன என்பவை நியாயமான கேள்விகள். நிலக்கரி ஆழம் குறைவாக இருக்கும் இடங்களில் இந்தக் கவலை கூடுதல்.

மன்னார்குடித் திட்டம் கடைசியில என்னதான் ஆச்சு?

பலருக்கு வரிசை மறந்துவிட்டது, அதனால் வரிசையாகவே சொல்கிறேன். இந்தியாவில் நிலக்கரி மீத்தேனுக்கான கொள்கை வந்தது 1997இல். அதன்பிறகு பல சுற்று ஏலம். நான்காம் சுற்றில் தஞ்சை, திருவாரூர் மாவட்டங்களில் 600 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட ‘மன்னார்குடி தொகுதி’ என்ற ஏல நிலப்பகுதி கிரேட் ஈஸ்டர்ன் எனர்ஜி நிறுவனத்துக்குப் போனது. 2010 ஜூலையில் ஒப்பந்தம். 2011 ஜனவரியில் மாநில அரசோடு புரிந்துணர்வு ஒப்பந்தம். அப்போது ஊரில் யாருக்கும் தெரியாது.

அப்புறம் செய்தி பரவி ஊர் ஊராகக் கூட்டம் நடந்தது. 2013 ஜூலையில் ஜெயலலிதா அரசு பணிகளை நிறுத்தி வைத்து வல்லுநர் குழு அமைத்தது. அந்த ஆண்டு டிசம்பர் 30 அன்று, மீத்தேன் எதிர்ப்புப் பிரச்சாரத்துக்கு வந்திருந்த இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் பட்டுக்கோட்டை அருகே பிச்சினிக்காட்டில் காலமானார். 2015 அக்டோபரில் குழுவின் அறிக்கையின் பேரில் மாநில அரசு திட்டத்துக்கு அனுமதி இல்லை என்று அறிவித்தது. வாயு உற்பத்தி என்று ஒரு நாள்கூட நடக்கவில்லை. ‘மீத்தேன் எடுத்ததால்தான் எங்கள் போர்வெல்லில் தண்ணீர் இறங்கிவிட்டது’ என்று இப்போதும் சொல்பவர்கள் உண்டு. போர் இறங்கியதற்குக் காரணம் வேறு, அதில் நம் பங்கும் இருக்கிறது.

எடுக்கவே இல்லைன்னா, கீழ நெசமாவே வாயு இருந்துச்சா இல்லையா?

இருந்திருக்கும். எவ்வளவு என்பதில்தான் விஷயம். கீழே இருப்பது லிக்னைட், பழுப்பு நிலக்கரி. நாட்டின் பழுப்பு நிலக்கரி இருப்பில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு தமிழ்நாட்டில்தான், நெய்வேலி முதல் மன்னார்குடி வரை. ஆனால் பழுப்பு நிலக்கரி நன்றாக வேகாத நிலக்கரி. ஜாரியாவின் முற்றிய நிலக்கரி டன்னுக்கு 10 கன மீட்டர் அளவுக்கு வாயு வைத்திருக்க முடியும் என்றால், பழுப்பு நிலக்கரியில் பொதுவாக அதில் ஒரு சிறு பங்குதான் எதிர்பார்க்கலாம். மறுபக்கம் அதில் ஈரம் மிக அதிகம். ஆக, வாயு குறைவு, தண்ணீர் நிறைய.

தண்ணீர் விஷயத்துக்கு நெய்வேலியையே பாருங்கள். அங்கே நிலக்கரிக்குக் கீழே அழுத்தத்தோடு நிற்கும் ஊற்று நீரை இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கம் முழுகாமல் இருக்கும். நம் பக்கமும் அதே வகை மணல், களி அடுக்குகள்தான். நெய்வேலியில் நிலக்கரியைப் பாதுகாப்பாக வெட்டுவதற்காக இறைக்கிறார்கள், இங்கே வாயுவுக்காக இறைத்திருப்பார்கள். கடல் கிட்ட இருக்கிறது. உள்ளே நன்னீரின் அழுத்தம் குறைந்தால் கடல்நீர் உள்ளே நகரும். கடலோர வட்டங்களில் போர்த் தண்ணீர் உப்பாகிக்கொண்டிருப்பதைப் புதிதாக யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. நான் கையெழுத்துப் போட்டதற்கு இந்தப் பதில்தான் காரணம். வேறு எதுவும் இல்லை.

இந்தியாவுல வேற எங்கயாவது எடுக்குறாங்களா? நல்லா ஓடுதா?

எடுக்கிறார்கள். மேற்கு வங்கத்தின் ராணிகஞ்சில் 2007 ஜூலையில் நாட்டின் முதல் வணிக உற்பத்தி தொடங்கியது, தொடங்கியது மேலே சொன்ன அதே கிரேட் ஈஸ்டர்ன். ஜார்க்கண்டில் ஜாரியா, பொகாரோ. மத்தியப் பிரதேசத்தில் சோஹாக்பூர், அங்கே ரிலையன்ஸ் 2017இல் தொடங்கி, சுமார் 300 கிலோமீட்டர் குழாய் போட்டு உத்தரப் பிரதேசத்தின் புல்பூர் வரை கொண்டுபோகிறது.

நன்றாக ஓடுகிறதா என்றால், எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. நாடு முழுக்க 92 லட்சம் கோடி கன அடி இருக்கலாம் என்று அரசு மதிப்பீடு. கேட்க மலைப்பாக இருக்கும். இன்றைய உற்பத்தி நாளொன்றுக்குச் சுமார் 20 லட்சம் கன மீட்டர், நாட்டின் மொத்த எரிவாயு உற்பத்தியில் 2 சதவீதம் அளவு. மண்ணுக்கடியில் இருப்பதும் மேலே வருவதும் ஒன்றல்ல. ஏலத்தில் எடுத்த பல தொகுதிகளைப் பிறகு திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். சில இடங்களில் நிலம் கிடைக்கவில்லை, சில இடங்களில் அதே நிலக்கரியை வெட்டும் உரிமை வேறொருவரிடம், பல இடங்களில் வாயுவே போதவில்லை.

ஒரு கதை போதும். துர்காபூருக்கு அருகே பனாகரில் மாட்டிக்ஸ் என்ற யூரியா ஆலையை ராணிகஞ்ச் நிலக்கரி வாயுவை நம்பிக் கட்டினார்கள். ஆண்டுக்கு 12 லட்சம் டன்னுக்கு மேல் தயாரிக்கும் பெரிய ஆலை. 2017இல் ஓட்டிப் பார்த்தார்கள். வாயு போதாமல் நின்றது. 2021இல் அரசின் எரிவாயு நிறுவனமான கெயிலின் குழாய் வந்த பிறகுதான் ஒழுங்காக ஓடத் தொடங்கியது. பக்கத்திலேயே கிணறு இருந்தும், தொலைவிலிருந்து வாயு வரவேண்டியதாயிற்று.

அப்ப இதனால நல்லதே கிடையாதா? எதுக்கு இவ்வளவு பாடு?

உண்டு. இதை எதிர்ப்புக் கூட்டத்தில் சொன்னால் கைதட்டல் கிடைக்காது என்பதால் சொல்வதில்லை. ஜாரியா போன்ற இடத்தில் நிலக்கரியை எப்படியும் வெட்டத்தான் போகிறார்கள். வெட்டும்போது மீத்தேன் வெளியே வரும். ஒன்று அது சுரங்கத்தில் இருப்பவர்களைக் கொல்லும், இல்லையென்றால் ராட்சத விசிறி வைத்து வானத்தில் விடுவார்கள். முன்கூட்டியே கிணறு போட்டு வடித்துவிட்டால் ஆட்களின் உயிரும் பத்திரம், எரிபொருளும் மிச்சம். அமெரிக்காவில் அலபாமாவின் பிளாக் வாரியர் படுகையில் இந்தத் தொழில் வளர்ந்ததே சுரங்கப் பாதுகாப்பு வேலையிலிருந்துதான். இங்கே அரசின் நிலக்கரி நிறுவனமான கோல் இந்தியாவுக்குத் தன் சுரங்கப் பகுதிகளில் மீத்தேன் எடுக்கும் உரிமையை 2018இல் கொடுத்ததும் சரியான முடிவு என்பது என் கருத்து.

இன்னொன்று, நாடு பயன்படுத்தும் எரிவாயுவில் ஏறக்குறைய பாதி கப்பலில் வருகிறது. இங்கே கிடைக்கும் ஒவ்வொரு கன மீட்டரும் அதில் குறைகிறது.

அவங்க ஊர்ல எடுக்கலாம், நம்ம ஊர்ல மட்டும் கூடாதா? இது என்ன சார் நியாயம்?

கல்லூரியில் படிக்கும் என் பழைய மாணவி கேட்ட கேள்வி. கேட்டபோது எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. ஜாரியாக்காரனும் மனுஷன்தானே.

யோசித்துச் சொன்னது இது. ஊரைப் பார்க்காமல் நிலக்கரியையும் தண்ணீரையும் பாருங்கள். எங்கே நிலக்கரி முற்றியது, வாயு நிறைய, நீர் குறைவு, எப்படியும் சுரங்கம் வரப்போகிறது, அங்கே இதை எடுப்பதால் இருக்கும் கெடுதல் குறைகிறது. எங்கே நிலக்கரி இளசு, வாயு குறைவு, நீர் நிறைய, அந்த நீரையே நம்பி லட்சக்கணக்கானவர்கள் பயிர் செய்கிறார்களோ, அங்கே புதிதாகக் கெடுதல் வருகிறது. இதே அளவுகோலில் ராணிகஞ்சிலும் எடுக்கக்கூடாத கிராமங்கள் இருக்கலாம். அங்கே எல்லாம் சுகம் என்று நான் சொல்லவரவில்லை. அவள் முழுக்க ஒத்துக்கொள்ளவில்லை, பரவாயில்லை.

இங்க எடுத்திருந்தா சிலிண்டர் விலையாவது குறைஞ்சிருக்குமே?

குறைந்திருக்காது. சிலிண்டரில் இருப்பது எல்பிஜி, புரோப்பேனும் பியூட்டேனும். மீத்தேனை வீட்டு அடுப்புச் சிலிண்டரில் அடைக்க முடியாது, அது குழாயிலும் சிஎன்ஜி ஆகவும்தான் போகும். 2017இலிருந்து நிலக்கரி மீத்தேனுக்கு விலை வைக்கும் சுதந்திரத்தை நிறுவனங்களுக்கே ஒன்றிய அரசு கொடுத்துவிட்டது. ஊருக்குச் சலுகை விலை என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லை. மாநில அரசுக்கு 10 சதவீத ராயல்டி உண்டு.

என் நிலத்துக்கு அடியில இருக்குறது எனக்குச் சொந்தம் இல்லையா?

இந்தியாவில் எண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் அப்படி இல்லை. மேலே நிலத்தைப் பயன்படுத்துவதற்கு இழப்பீடு கிடைக்கும், வாயுவில் பங்கு கிடைக்காது. நிலப்பரப்பில் உரிமம் தருவது மாநில அரசு, அதற்கு ஒன்றிய அரசின் முன் ஒப்புதல் வேண்டும். டெல்லியில் ஒப்பந்தம் போட்ட பிறகும் தமிழ்நாடு நிறுத்த முடிந்ததற்கு இந்த ஏற்பாடும் ஒரு காரணம்.

அமெரிக்காவில் கீழே இருப்பதும் தனியாருக்குச் சொந்தமாக இருக்கலாம் என்பதால் வேடிக்கையான வழக்கெல்லாம் நடந்திருக்கிறது. நிலக்கரி ஒருவருக்கு, நிலம் இன்னொருவருக்கு என்றால், நிலக்கரிக்குள் இருக்கும் வாயு யாருக்கு? சதர்ன் யூட் பழங்குடியினர் வழக்கில் 1999இல் உச்ச நீதிமன்றம், பழைய சட்டங்களில் ‘நிலக்கரி’ என்று எழுதியிருந்தால் அதில் வாயு சேராது என்று தீர்ப்புச் சொன்னது. நிலக்கரி வைத்திருந்த பழங்குடியினர் தோற்றார்கள்.

ஆஸ்திரேலியாவுல ஆத்துத் தண்ணியே தீப்பிடிச்சு எரியுதே, வீடியோ பார்த்தேன்!

வீடியோ உண்மை. குவீன்ஸ்லாந்தின் கண்டமைன் ஆற்றில் குமிழி விடுவது 2012இல் பேசப்பட்டது. 2016இல் ஓர் அரசியல்வாதி படகில் போய் லைட்டரால் பற்றவைத்தார். எரிந்தது தண்ணீர் இல்லை, குமிழியாக வந்த மீத்தேன். அந்தப் பக்கம் நிலக்கரி ஆழம் குறைவு, இயற்கையாகவே வாயு கசியக்கூடிய இடம். பக்கத்துக் கிணறுகளால் எவ்வளவு கூடியது என்பதில்தான் இரண்டு தரப்புக்கும் சண்டை.

அந்த நாட்டிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் அந்த வீடியோவில் இல்லை. அங்கே ஆயிரக்கணக்கான கிணறுகள் போட்டு, கிளாட்ஸ்டோன் துறைமுகத்திலிருந்து 2014 இறுதியில் கப்பலில் ஏற்றுமதியே தொடங்கிவிட்டார்கள். அதே சமயம் சட்டம் ஒன்று வைத்தார்கள்: வாயுக் கிணற்றால் விவசாயியின் போரில் நீர்மட்டம் இறங்கினால் நிறுவனமே சரிசெய்து கொடுக்க வேண்டும், ஆழப்படுத்தியோ வேறு தண்ணீர் கொடுத்தோ பணமாகவோ. எந்தப் போர் எப்போது பாதிக்கப்படும் என்று முன்கூட்டியே கணித்து வெளியிட அரசின் தனி அமைப்பும் உண்டு. நம் ஊரில் எத்தனை போர் இருக்கிறது என்ற கணக்கே இல்லாமல் ஒப்பந்தம் போட்டார்கள் என்பதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

நிலம் உள்ள எறங்கிடும்னு சொல்றாங்களே? பூகம்பமும் வருமாமே?

நிலம் கொஞ்சம் இறங்கும், அது சரி. தண்ணீர் போனதும் நிலக்கரி அடுக்கு அமுங்கும், வாயு போனால் நிலக்கரியே சற்றுச் சுருங்கும். வீடு புதைகிற அளவில் இல்லை, பெரும்பாலும் சென்டிமீட்டர் கணக்கு. அதனால் என்ன என்று கேட்காதீர்கள். குவீன்ஸ்லாந்தில் டால்பி பக்கம் கரிசல் மண்ணில் சமதளமாக்கிப் பாசனம் செய்பவர்களுக்கு அந்தச் சென்டிமீட்டரே பிரச்சினை ஆகியிருக்கிறது, வாட்டம் மாறித் தண்ணீர் தப்பான இடத்தில் தேங்குகிறது. வாய்க்காலில் நீர் ஓடுவதே கண்ணுக்குத் தெரியாத வாட்டத்தால் என்ற நிலையில் இருக்கும் டெல்டாவில் இது சின்ன விஷயம் இல்லை.

பூகம்பம் வேறு. நீரை இறைப்பதால் வந்ததாக இல்லை. இறைத்த நீரை ஆழத்தில் திருப்பிச் செலுத்தியதால் வந்திருக்கிறது. கொலராடோ, நியூ மெக்சிகோ எல்லையில் ராட்டன் படுகையில் 2011 ஆகஸ்டில் 5.3 அளவில் ஒரு நிலநடுக்கம். நிலக்கரி மீத்தேன் கழிவுநீரைச் செலுத்தியதோடு அதற்குத் தொடர்பு உண்டு என்று அமெரிக்க நிலவியல் துறை ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

நிலக்கரியை எரிக்கிறதைவிட இது சுத்தம்தானே?

எரியும்போது சுத்தம். அதே மின்சாரத்துக்கு நிலக்கரியைவிடப் பாதி அளவு கார்பன் டை ஆக்சைடுதான் வரும், சாம்பல் இல்லை, கந்தகப் புகை அநேகமாக இல்லை. எரியாமல் கசிந்தால் கதை மாறிவிடும். நூறு வருஷக் கணக்கில் மீத்தேன் கார்பன் டை ஆக்சைடைவிட 28 மடங்கு வெப்பம் பிடிக்கும், இருபது வருஷக் கணக்கில் 80 மடங்குக்கு மேல். கிணறு, குழாய், வால்வு என்று வழியெல்லாம் சில சதவீதம் ஒழுகினாலே லாபம் போய்விடும். சுரங்கத்திலிருந்து எப்படியும் வானத்துக்குப் போகவிருந்த வாயுவைப் பிடித்து எரித்தால் மட்டும் எந்தக் கணக்கிலும் நன்மைதான், மேலே ஜாரியா பற்றிச் சொன்னதைப் பாருங்கள்.

நம்ம நெல்லு வயல்லயே மீத்தேன் வருதாமே, அப்ப நாமளும் குற்றவாளியா?

வருகிறது. தண்ணீர் தேங்கிய சேற்றில் காற்றுப் புகாமல் நுண்ணுயிர்கள் வேலை செய்து உண்டாக்குகின்றன. நாற்று நட்ட வயலில் கால் வைத்தால் குமிழி வருமே, அதில் மீத்தேனும் இருக்கும். காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் விட்டால் குறையும், தண்ணீரும் மிச்சம். குற்றவாளிப் பட்டமெல்லாம் வேண்டாம்.

எடுத்து முடிச்சப்புறம் கிணறு என்ன ஆகும்?

சிமென்ட் ஊற்றி அடைத்து, நிலத்தைப் பழையபடி ஆக்கிக் கொடுக்க வேண்டும் என்பது விதி. வயோமிங்கில் நடந்தது என்னவென்றால், ஷேல் வாயு வந்து விலை விழுந்ததும் பல சிறு நிறுவனங்கள் திவாலாகிப் போய்விட்டன. அமெரிக்காவின் நிலக்கரி மீத்தேன் உற்பத்தி 2008 வாக்கில் உச்சம் தொட்டு அப்புறம் இறங்கிக்கொண்டே போனது. ஆளில்லாத ஆயிரக்கணக்கான கிணறுகளை மாநில அரசு தன் செலவில் அடைக்க வேண்டி வந்தது. நிறுவனங்கள் கட்டியிருந்த வைப்புத்தொகை போதவில்லை. எந்த ஊரில் இந்தத் திட்டம் வந்தாலும் முதலில் கேட்க வேண்டியது, மூடுவதற்கான பணம் இப்போதே எங்கே கட்டப்பட்டிருக்கிறது என்பதுதான்.

2023ல மறுபடி நிலக்கரி ஏலம்னு வந்துச்சே, அது மீத்தேன்தானா?

இல்லை. வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்பு கிழக்கு என்று மூன்று பழுப்பு நிலக்கரித் தொகுதிகளை ஒன்றிய அரசு ஏலப் பட்டியலில் சேர்த்தது. அது நிலக்கரிக்கான ஏலம், வாயுவுக்கு இல்லை. எதிர்ப்பு வந்ததும் அந்த ஆண்டு ஏப்ரலிலேயே மூன்றையும் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

இனிமே மீத்தேன் திட்டம் வரவே வராதுல்ல?

2020 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. தடை செய்யப்பட்ட தொழில்களின் பட்டியலில் எண்ணெய், எரிவாயு ஆய்வும் எடுப்பும், நிலக்கரி மீத்தேன், ஷேல் வாயு எல்லாம் பெயர் சொல்லியே இருக்கின்றன. ஆனால் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த வேலைகளை அது தொடாது, அதனால் பழைய எண்ணெய்க் கிணறுகள் ஓடிக்கொண்டிருப்பதைப் பார்த்துச் சட்டம் செத்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். சட்டசபையில் போட்ட சட்டத்தைச் சட்டசபையே மாற்றவும் முடியும் என்பதையும் மறக்க வேண்டாம்.

எல்லாரும் தங்கள் ஊர் அதில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். முதலில் அறிவித்தபோது பேசப்பட்ட திருச்சி, கரூர், அரியலூர்ப் பகுதிகள் சட்டத்தில் வரவில்லை. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் முழுவதும் உண்டு, நாகையிலிருந்து பிரிந்த மயிலாடுதுறையும் சேர்த்தி. கடலூரில் காட்டுமன்னார்கோவில், கீரப்பாளையம், பரங்கிப்பேட்டை, மேல்புவனகிரி, குமராட்சி ஆகிய ஒன்றியங்கள் மட்டும். புதுக்கோட்டையில் அறந்தாங்கி, ஆவுடையார்கோவில், மணமேல்குடி, திருவரங்குளம், கறம்பக்குடி மட்டும். உங்கள் ஒன்றியம் இதில் இல்லையென்றால் இந்தச் சட்டம் உங்களுக்குப் பொருந்தாது.